கொக்கியா, கிளாம்பா, கயிறா, கட்டுக்கம்பியா? கூட்டத் தடுப்பை எதைக் கொண்டு இணைப்பது

கோயில் திருவிழா, பொங்கல் விழா, பொதுக்கூட்டம், மாரத்தான் என்று எதை எடுத்தாலும் விழாக் கமிட்டியில் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. தடுப்பு வாடகைக்குச் சொல்லியாச்சு, அதை ஒன்றோடு ஒன்று எப்படி இணைப்பது? பந்தல்காரர் ‘கொக்கியே போதும்’ என்பார். ஊர்ப் பெரியவர் ‘சவுக்கு நட்டுக் கயிறு கட்டினால்தான் நிற்கும்’ என்பார். இளைஞர் ஒருவர் அதற்குள் கேபிள் டை என்கிற பிளாஸ்டிக் கட்டுப்பட்டையைப் பாக்கெட் பாக்கெட்டாக வாங்கி வந்திருப்பார். மூவர் சொல்வதும் சரிதான், ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு வேலைக்கானது. ஒன்றின் வேலையை இன்னொன்றின் தலையில் கட்டும்போதுதான் வரிசை சாய்கிறது.

நம் ஊரில் நடைமுறையில் இருக்கும் ஐந்து வழிகளையும் எடுத்துக்கொள்கிறேன். எதை வைத்து அளப்பது என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் கேள்வி, தடுப்பின் மேல் வரப்போகும் விசை எது என்பது. சும்மா கை ஊன்றிச் சாய்வது ஒன்று. கூட்டம் பின்னாலிருந்து தள்ளுவது வேறொன்று. கூட்ட நெரிசலை ஆராய்ந்த ஜான் ஃப்ரூயின், ஒரு சதுர மீட்டரில் 7 பேர் அளவுக்கு நெருக்கம் வந்துவிட்டால் தனித்தனி ஆள் என்பதே இல்லாமல் போய், கூட்டம் திரவம்போல நகரத் தொடங்கும் என்று எழுதியிருக்கிறார். உயிர்ப்பலி ஏற்பட்ட இடங்களில் வளைந்து கிடந்த இரும்புக் கம்பிகளைப் பார்த்து, 4,500 நியூட்டனுக்கு மேல் விசை வந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டார். அதாவது சுமார் 450 கிலோ எடைக்குச் சமமான தள்ளு. பிரிட்டனில் கால்பந்து மைதானங்களுக்கான வழிகாட்டி நூல், நின்று பார்க்கும் பகுதியில் உள்ள தடுப்புகள் இடத்தைப் பொறுத்து மீட்டருக்கு 5 கிலோநியூட்டன் (சுமார் 500 கிலோ எடைக்குச் சமம்) வரை தாங்க வேண்டும் என்கிறது. தரையில் சும்மா வைத்த சாதாரணத் தடுப்பு எதுவும் இதன் பக்கத்தில்கூட வராது. மூன்றாவது விசை காற்று. அதைப் பற்றிக் கமிட்டியில் யாரும் பேசுவதே இல்லை.

இரண்டாவது கேள்வி, இந்த இணைப்பை அவசரத்தில் யார், எவ்வளவு நேரத்தில் பிரிப்பார்கள் என்பது. என்னைப் பொறுத்தவரை உறுதிக்கு இணையான கேள்வி இது. 1989 ஏப்ரல் 15 அன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில், ஹில்ஸ்பரோ மைதானத்தில் நடந்த நெரிசலில் சிக்கி மொத்தம் 97 பேர் இறந்தார்கள். அங்கே பார்வையாளர் பகுதிக்குள் இருந்த ஒரு தடுப்புக் கம்பி நெரிசலில் உடைந்து, ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். அதே நேரம் ஆடுகளத்தை ஒட்டி நின்ற உயரமான வேலி அசையவே இல்லை. அதில் இருந்த சிறு கதவுகள் தவிர வெளியேற வழியும் இல்லை. உடையக் கூடாதது உடைந்தது, திறக்க வேண்டியது திறக்கவில்லை. தடுப்பு கட்டுகிற யாரும் இந்த இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி, தரை. தார்ச் சாலையில் குழி தோண்ட முடியுமா, ஆற்று மணலா, சரிவா? அப்புறம், இணைப்பே ஆளைக் காயப்படுத்துமா என்பது. கடைசியாகக் காசு. வாடகை மட்டும் அல்ல, விழா முடிந்த மறுநாள் வரும் கணக்கும் சேர்த்து.

## சவுக்குக் கம்பும் கயிறும்

இதைப் பழைய முறை என்று ஒதுக்கிவிட வேண்டாம். மண் தரையில் கூட்டத் தள்ளை உண்மையாகத் தாங்கக்கூடிய முறை, வாடகைக்குக் கிடைப்பவற்றில் அநேகமாக இது ஒன்றுதான். காரணம் எளிது. மற்றவை எல்லாம் தரையின் மேல் நிற்கின்றன, இது தரைக்குள் நிற்கிறது. நான்கு அங்குல விட்டமுள்ள சவுக்கை மூன்றடி ஆழத்தில் இறக்கி, கல் போட்டு இடித்து, ஐந்தாறு அடிக்கு ஒன்றாக நட்டால் வரிசை நல்ல தள்ளு தாங்கும். தோற்றால் பெரும்பாலும் கம்பு முறிந்து தோற்காது, மண் இளகித்தான் தோற்கும். அதனால் ஆழத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

இணைப்பில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. குறுக்குக் கம்பைக் கூட்டம் நிற்கும் பக்கம் வைத்துக் கட்ட வேண்டும். அப்போது கூட்டம் தள்ளினால் குறுக்குக் கம்பு நட்ட கம்பின் மேல் போய் அழுந்தும். கயிற்றுக்கு வேலை குறைவு. மறுபக்கம் கட்டினால் முழுத் தள்ளையும் கயிறு மட்டுமே வாங்கும், ஒரு முடிச்சு நழுவினால் கம்பு கழன்று விழும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். சாலைப் பக்கம் அழகாகத் தெரியட்டும் என்று பல இடங்களில் தப்பான பக்கத்தில்தான் கட்டுகிறார்கள்.

கயிற்றில் தேங்காய் நார் நல்லது. சொரசொரப்பாக இருப்பதால் பிடித்துக்கொள்ளும். நைலான் கயிறு இழுவைக்குப் பலமானது, ஆனால் வழவழப்பு. பட்டை உரித்த கம்பில் கட்டு மெல்ல இறங்கிவிடும். நார்க்கயிறு நனைந்தால் இறுகும், காய்ந்தால் தளரும். இரவு மழை பெய்து காலையில் வெயில் அடித்தால் எல்லாக் கட்டையும் ஒருமுறை கையால் ஆட்டிப் பார்த்து, தளர்ந்ததை மறுபடி கட்டியே ஆக வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு குழியில் இருக்கிறது. தார்ச் சாலையைத் தோண்ட உள்ளாட்சி அமைப்பின் அனுமதி வேண்டும், சீரமைக்கும் கட்டணமும் சேரும். குடிநீர்க் குழாய், பூமிக்கடியில் போகும் மின் கம்பி எங்கே போகிறது என்று கேட்காமல் கடப்பாரை போடக் கூடாது. விழா முடிந்து கம்பைப் பிடுங்கிய பிறகு மூடாமல் விட்ட குழியில் இருட்டில் கால் வைப்பவருக்கு என்ன ஆகும் என்பதும் கமிட்டியின் கணக்குதான். இன்னொரு குறை, இந்த வரிசை அவசரத்தில் பிரியாது. கயிற்றை அவிழ்க்க நேரம் இருக்காது, அரிவாளால் வெட்டினாலும் நட்ட கம்பு நிற்கும். ஆகவே வழியை முன்கூட்டியே விட்டுத்தான் கட்ட வேண்டும். மதுரைப் பக்கம் ஜல்லிக்கட்டுக் களங்களில் இரட்டைத் தடுப்பு கட்டுகிறார்களே, அந்த வேலைக்கு இந்த முறை பொருத்தம். அங்கே திறப்பு எங்கே என்பது முன்பே வரைந்து வைக்கப்பட்டிருக்கும்.

## கொக்கி மாட்டும் இரும்புத் தடுப்பு

இதுதான் எங்கும் பார்ப்பது. இரண்டு, இரண்டரை மீட்டர் நீளம், இடுப்புக்குச் சற்று மேல் உயரம், ஒரு முனையில் கொக்கி, மறுமுனையில் வளையம். ஒன்றின் கொக்கியை அடுத்ததன் வளையத்தில் மேலிருந்து இறக்கினால் வேலை முடிந்தது. நாலைந்து பேர் கொண்ட குழு ஒரு தெருவை ஒரு காலையில் கட்டிவிடும். தரையில் எந்தச் சேதமும் இல்லை.

கொக்கி என்ன செய்கிறது, என்ன செய்யாது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். கொக்கி இழுவையை மட்டும் அடுத்த தடுப்புக்குக் கடத்தும். அது கதவுக் கீல் மாதிரி, பக்கவாட்டில் மடங்கும். அதனால் நேர்க்கோட்டில் நீளமாக வைத்த வரிசை ஓர் இடத்தில் தள்ளினால் அந்த இடத்தில் வில்லாக வளைந்து, பக்கத்துத் தடுப்புகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு சாயும். நிற்க வைப்பது பாதமும் எடையும் கோணமும்தான். சில தடுப்புக்கு ஒருமுறை வரிசையை லேசாக உள்ளே வெளியே மடித்து வைத்தால், அல்லது ஒரு தடுப்பைப் பின்பக்கம் செங்குத்தாக மாட்டி முட்டுக் கொடுத்தால், அதே சாமான் இன்னும் நன்றாக நிற்கும். வரிசையின் இரு முனைகளையும் ஏதாவது ஒரு நிலையான தூணில் கட்டிவிட வேண்டும்.

அடுத்த பலவீனம், கொக்கி மேல்நோக்கித் தூக்கினால் கழன்றுவிடும். மேடு பள்ளமான இடத்தில் தானாகவே பாதி ஏறி நிற்கும். பிள்ளைகள் ஏறி ஆடினாலும் கழலும். கொக்கி முழுவதும் உட்கார்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு இணைப்பிலும் காலால் ஒரு மிதி மிதித்துப் பார்ப்பது நல்ல பழக்கம். கழலவே கூடாத இடத்தில் கொக்கியின் நுனியில் துளை போட்டு, அதில் சிறு இரும்புக் குச்சி (பின்) செருகும் வகையைக் கேட்டு வாங்கலாம்.

திறப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நடுவில் இருக்கும் ஒரு தடுப்பை அப்படியே தூக்கி எடுத்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது. அதன் வளையத்தில் பக்கத்துத் தடுப்பின் கொக்கி மேலிருந்து இறங்கியிருக்கும்; தூக்கினால் இரண்டும் சேர்ந்து வரும். கொக்கி இருக்கும் முனையை மட்டும் தூக்கிக் கழற்றி, வளையம் இருக்கும் முனையை அச்சாக வைத்துக் கதவுபோலச் சுழற்ற வேண்டும். கூட்டம் ஏற்கெனவே அழுத்திக்கொண்டிருந்தால் கொக்கி வளையத்தில் இறுகிவிடும், தூக்கவே வராது. எனவே நெருக்கம் கூடுவதற்கு முன்னால் திறக்க வேண்டும். அதற்கு அங்கே ஓர் ஆள் நிற்க வேண்டும், எந்த முனை கொக்கி முனை என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மறைந்த செலவு பொருந்தாத சாமானில் வருகிறது. இரண்டு வாடகைக்காரரிடம் பாதிப் பாதி எடுத்தால் கொக்கியின் இடைவெளி ஒத்துப்போகாது. அங்கேதான் கம்பி போட்டுக் கட்ட ஆரம்பிப்பார்கள். வெளியே நீண்டிருக்கும் பாதம் காலைத் தட்டிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதியவர்கள் அதிகம் வரும் இடத்தில் தட்டைப் பாதம் உள்ளதையே கேளுங்கள்.

## வேலிப் பேனலும் கிளாம்பும்

ஆள் உயரத்துக்கு மேல் கம்பி வலை, இரு ஓரத்திலும் பைப், அதை ரப்பர் அல்லது கான்கிரீட் அடிக்கட்டையில் செருகி, பக்கத்துப் பேனலோடு கிளாம்ப் (இரண்டு பைப்பையும் சேர்த்துப் பிடிக்கும் போல்ட் வைத்த பிடி) போட்டு இறுக்குவது. கட்டுமான இடம், வாகன நிறுத்தம், ஜெனரேட்டர், சமையல் கொட்டகை போன்ற இடங்களைச் சுற்றி மறைக்க இது சரி. ஏறிக் குதிப்பதைத் தடுக்கும். ஆனால் கூட்டம் சாய்ந்து நிற்கும் இடத்துக்கு இது ஆகவே ஆகாது. உயரமாக இருப்பதால் உறுதியானது என்று கண்ணுக்குத் தோன்றும், அதுதான் ஆபத்து. வாரக்கணக்கில் நிற்கப்போகும் வேலிக்கு மட்டும் தயங்காமல் இதை எடுங்கள்.

ஒரு இணைப்புக்கு இரண்டு கிளாம்ப் வேண்டும், மேலே ஒன்று கீழே ஒன்று. ஒன்றை மட்டும் போட்டால் பேனல் அதையே அச்சாக வைத்துத் திருகும். நட்டு உள்பக்கம் இருக்கும்படி போட்டால் வெளியில் நிற்பவர் கழற்ற முடியாது, போல்ட் முனையும் யார் மேலும் கீறாது. வாடகைக்கு வரும் கிளாம்ப் எண்ணிக்கையில் எப்போதும் குறையும். திருப்பிக் கொடுக்கும்போது தொலைந்த ஒவ்வொன்றுக்கும் பிடித்தம் செய்வார்கள். அதனால் வாங்கும்போதே எண்ணி, ஒரு வாளியில் போட்டு, ஒருவர் பொறுப்பில் விடுங்கள்.

இப்போது காற்று. வலை வெறுமனே இருக்கும்வரை காற்று ஊடுருவிப் போய்விடும். அதன் மேல் ஃபிளெக்ஸ் பேனரோ பச்சை நிழல்வலையோ கட்டினால் கதையே வேறு. நம் நாட்டுத் தரநிலையான ஐ.எஸ். 875, காற்றழுத்தத்தை 0.6 பெருக்கல் வேகத்தின் வர்க்கம் என்று தருகிறது. மணிக்கு 54 கிலோமீட்டர் காற்று என்றால் விநாடிக்கு 15 மீட்டர். சதுர மீட்டருக்கு 135 நியூட்டன். எட்டுக்கு ஆறடிப் பேனல் ஃபிளெக்ஸால் மூடப்பட்டிருந்தால் சுமார் 60 கிலோ விசை, அதுவும் வடிவத்துக்கான கூடுதலைச் சேர்க்காமலே. இந்த விசை தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் வேலை செய்கிறது. எதிர்ப்பக்கம், பேனலும் அடிக்கட்டையும் சேர்ந்து 40 கிலோ, கட்டையின் நீளம் 70 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், தாங்கும் திறன் தேவையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் வருகிறது. சித்திரை, வைகாசியில் மழைக்கு முன் அடிக்கிற காற்றுக்கு இந்த வேகம் பெரிதே அல்ல. கிளாம்ப் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் இதைத் தடுக்காது. தனித்தனியாக விழ வேண்டியது மொத்தமாக விழும். பேனர் வேண்டும் என்றால் பின்பக்கம் சாய்வு முட்டும் மணல் மூட்டையும் வேண்டும். அந்தச் செலவுக்கு மனமில்லை என்றால் பேனரை வேறு இடத்தில் கட்டுங்கள்.

## கட்டுக்கம்பி, கேபிள் டை, சங்கிலிப் பூட்டு

மலிவு, கையில் கிடைக்கிறது, யாரும் கட்டலாம். இதனாலேயே மற்ற எல்லா முறையின் ஓட்டையையும் இதை வைத்தே அடைக்கிறோம். கம்பி கட்டும் வேலைக்கு வாங்குகிற 20 கேஜ் கட்டுக்கம்பி ஒற்றை இழைக்கு இருபது, இருபத்தைந்து கிலோ இழுவையில் அறுந்துவிடும். 4.8 மில்லிமீட்டர் அகலக் கேபிள் டை 22 கிலோ வரை, 7.6 மில்லிமீட்டர் 55 கிலோ வரை. அதுவும் புதிதாக இருக்கும்போது. வெள்ளை நிற டை வெயிலில் சீக்கிரம் நொறுங்கும், கறுப்பு கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். மேலே சொன்ன 450 கிலோவுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கம்பியில் எனக்கு இருக்கும் பெரிய வருத்தம் அதன் நுனி. குறடால் முறுக்கி வெட்டிய நுனி ஊசியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அது பெரியவர்களுக்கு இடுப்பு உயரம், குழந்தைகளுக்கு முகத்து உயரம். கம்பிதான் போட வேண்டும் என்றால் நுனியை உள்பக்கம் மடக்கி, மேலே டேப் சுற்றுங்கள். விழா முடிந்து வெட்டிப்போட்ட துண்டுகள் தெருவில் கிடந்து வெறுங்காலோடு வருபவர்களைக் குத்தும், மாடு ஆடு மேய்ச்சலோடு விழுங்கும். பொறுக்கி எடுக்கும் கூலியையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் இது அவ்வளவு மலிவு இல்லை.

கேபிள் டையை விளம்பரத் துணி கட்ட, கொக்கி தற்செயலாகக் கழலாமல் இருக்க, இந்த அளவுக்குப் பயன்படுத்தினால் போதும். சங்கிலி போட்டுப் பூட்டுவதைப் பொருள் திருட்டுக்குப் பயந்து செய்கிறார்கள். ஆட்கள் உள்ளே இருக்கும் நேரத்தில் எந்தத் தடுப்பிலும் பூட்டு இருக்கக் கூடாது. இரவில் பூட்டினால் காலையில் கூட்டம் வருமுன் பூட்டைக் கழற்றி எடுத்துவிட வேண்டும்.

## மேடை முன் தடுப்பு

முக்கோணச் சட்டம், கூட்டம் நிற்கும் பக்கம் தரையோடு கிடக்கும் தகடு, போல்ட் போட்டு இணைப்பது. கூட்டத்தில் முன்னால் நிற்பவர் அந்தத் தகட்டின் மேலேயே நிற்பார். அவர் எடையே தடுப்பைக் கீழே அழுத்திப் பிடிக்கும். தள்ளு கூடக் கூடத் தகட்டின் மேல் நிற்கும் ஆட்களும் கூடுவார்கள். தரையைத் தோண்டாமல் தள்ளைத் தாங்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. வாடகை அதிகம், கனம், லாரி வேண்டும், பெரிய நகரங்களில் மேடை, ஒலி அமைப்பாளர்களிடம்தான் கிடைக்கும். ஒரு போல்ட் விட்டுப்போனாலும் அந்த இடம் பலவீனம். தரை சமமாக இல்லாவிட்டால் தகடு ஆடும்.

## ஒரே பார்வையில்

| முறை | கூட்டத் தள்ளு | காற்று | அவசரத் திறப்பு | தரை |
|---|---|---|---|---|
| சவுக்கு, கயிறு | ஆழமாக நட்டால் நன்று | நன்று | இல்லை, முன்பே வழி விட வேண்டும் | மண் மட்டும் |
| கொக்கித் தடுப்பு | லேசான சாய்வு மட்டும் | துணி கட்டாதவரை நன்று | முடியும், நெருக்கம் வருமுன் | சமதளம் |
| பேனல், கிளாம்ப் | ஆகாது | மூடினால் மிக மோசம் | ஸ்பேனர் வேண்டும் | ஓரளவு சமதளம் |
| கம்பி, டை | ஆகாது | துணைக்கு மட்டும் | வெட்டுக் கருவி வேண்டும் | எங்கும் |
| மேடைத் தடுப்பு | மிக நன்று | நன்று | கடினம், பக்கவாட்டில் வழி வேண்டும் | கெட்டியான சமதளம் |

## அப்படியென்றால் எங்கே எதை

தரிசன வரிசை, அன்னதான வரிசை போன்ற ஒழுங்கான நகர்வுக்குக் கொக்கித் தடுப்பே போதும். கம்பி போட்டு இறுக்க வேண்டாம். வரிசைத் தடுப்பு நெரிசலில் பிரிந்து வழிவிடுவது நல்லதுதான். தேர் வரும் தெருவில் மக்களை ஓரமாக நிறுத்தவும் அதுவே, ஆனால் மடிப்பு வைத்து, ஆள் நிறுத்தி. தேர் திரும்பும் முனையில் மண் தரை இருந்தால் அங்கே மட்டும் சவுக்கு நடுங்கள். அந்த முனையில்தான் பின்னாலிருந்து தள்ளு வருகிறது.

பிரபலம் ஒருவர் பேசும் மேடை என்றால் முன்வரிசைக்கு மேடைத் தடுப்போ ஆழமாக நட்ட சவுக்கோ இரண்டில் ஒன்றுதான். காசு பத்தவில்லை என்று கொக்கித் தடுப்பை இரண்டு அடுக்காக வைத்துக் கம்பியால் இறுக்குகிறார்கள். எடை இரட்டிப்பாகும், நிற்கும் விதம் மாறாது. விழுந்தால் முன்னால் இருப்பவர் இரும்புக் கம்பிகளுக்கு நடுவில் சிக்குவார். அதைவிட, கூட்டத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து நடுவில் நடைபாதை விடுங்கள். தள்ளு சேர்ந்து பெருகாமல் இருக்கும், மயங்கியவரைத் தூக்கிவரவும் வழி கிடைக்கும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் திறப்புகளுக்கு இணைப்பு தனி. கையால் இழுத்தால் வரும் பின், ஸ்பேனரோ குறடோ தேவைப்படாதது. பின்னைச் சிறு சங்கிலியில் தொங்கவிட்டால் தொலையாது. முட்டுச்சந்து, பாதை குறுகும் இடம், மேடைக்கு இருபுறம், இந்த மூன்று இடமும் கட்டாயம். ஆம்புலன்ஸ் போகும் திறப்புக்கு இரண்டு தடுப்பு அகலம் வேண்டும், அது கூட்டத்துக்கு வெளிப்பக்கமாகச் சுழல வேண்டும், சுழல்கிற இடத்தில் கடையோ பைக்கோ நிற்கக் கூடாது. அந்தத் தடுப்பில் மட்டும் சிவப்புத் துணி கட்டிவிட்டால் அவசரத்தில் குழப்பம் இருக்காது. பின்னைக் கையில் எடுத்து ஒருமுறை திறந்து மூடிப் பார்ப்பதை, அன்றைக்கு அங்கே நிற்கப்போகும் ஆளே செய்ய வேண்டும். பந்தல்காரர் செய்து காட்டினால் போதாது.